பதினோரு நிமிடத்தில் சொன்ன விலை

எங்கள் தொழிலில் கழுவுவது என் வீட்டுக்காரர் வேலை, விலை சொல்வது என் வேலை. கிள்ளானில் இருந்துகொண்டு வீடுகளின் வெளிப்புறத்தைக் கழுவிக் கொடுக்கிறோம். முன்வாசல், மதில், சுவர், கூரை, லோங்காங் எனும் சாக்கடை என்று வெயிலும் மழையும் பட்டுக் கறுத்துப்போன எதுவானாலும் சரி. ஒரு வேன், இரண்டு வாட்டர் ஜெட், நாற்பது வயதைத் தாண்டிய ஒரு வேலையாள், என் கைப்பேசி. கம்பெனி என்றால் அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் விலை சொல்வதும் அவரிடம்தான் இருந்தது. அவர் வீடு பார்க்கப் போகிற அழகே தனி. முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு முன்வாசலில் வெறுங்காலோடு நடப்பார். கட்டைவிரலால் சுவரைத் தேய்த்து, விரலில் சுண்ணாம்பு ஒட்டுகிறதா என்று பார்ப்பார். குழாயைத் திறந்து, ஒரு வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று நின்று பார்ப்பார். பிறகு அவர்கள் கொடுக்கிற காப்பியைக் குடித்து, மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிற கதையை முழுசாகக் கேட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வருவார்.

"என்ன விலை சொன்னீங்க?" என்று கேட்டால், "இன்னும் சொல்லலம்மா. யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன்" என்பார்.

அவர் யோசித்து முடிக்கிற இரண்டு நாளில் வேறு எவனாவது வந்து கழுவிவிட்டுப் போயிருப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் பொறுமைக்கென்றே பிறந்த மனுஷன். நான் காலில் சுடுதண்ணியைக் கொட்டிக்கொண்டு பிறந்தவள். பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? விலை சொல்வதும் பந்திதான், முதலில் உட்கார்ந்தவனுக்குத்தான் அப்பளம் கிடைக்கும் என்று அவரிடம் சண்டை போட்டு அந்த வேலையை என் கைக்கு வாங்கிக்கொண்டேன்.

வாங்கியதும் முறையையே மாற்றினேன். இனி யாரும் வீடு பார்க்கப் போக வேண்டாம். வாடிக்கையாளர் மூன்று படம் அனுப்ப வேண்டும். ஒன்று, காடி, அதாவது கார், உள்ளே நிற்கும்போது கேட்டுக்கு வெளியே நின்று எடுத்தது; காடியின் நீளம் தெரிந்தால் வாசலின் நீளம் எனக்குத் தெரிந்துவிடும். இன்னொன்று, அழுக்கு அதிகமாக இருக்கிற இடத்துக்குக் கிட்டப் போய் எடுத்தது. மூன்றாவது, கூரை தெரிகிற மாதிரி. கூடவே மூன்று கேள்வி: வெளியே தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, கடைசியாகக் கழுவி எத்தனை வருஷம், நாய் இருக்கிறதா. பதில் வந்த பதினைந்து நிமிடத்துக்குள் விலை போய்விடும். சமைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன், பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு டைப் பண்ணி அனுப்பியிருக்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, வேலை குவிந்தது. சனி ஞாயிறுகளில் அவருக்கு மூச்சு விட நேரமில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறியது, அதையும் மறைப்பதற்கில்லை.

படத்தில் எல்லாம் தெரியாது என்று அவர் ஒன்றிரண்டு முறை சொல்லிப் பார்த்தார். தெரியாததும் வந்தது. சாலாக் செலாத்தானில் ஒரு வீடு. முன்பக்கப் படத்தைப் பார்த்து நான் விலை சொல்லியிருந்தேன். அவர் போய் நின்றால், பின் சந்தில் படத்தில் வராத ஒரு மதில், ஆள் உயரத்துக்கு மேல், பாசி பிடித்துக் கருங்கல் மாதிரி நிற்கிறது. அவர் வாசலிலேயே வீட்டுச் சொந்தக்காரரிடம் நூற்றைம்பது வெள்ளி கூட்டிக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் எனக்குப் போன் பண்ணி, "உங்க ஆளு ஒரு விலை, நீங்க ஒரு விலையா?" என்று கத்தினார். நான் என் வீட்டுக்காரரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அந்த மனிதர் அதை ஸ்பீக்கரில் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

"நான் சொன்ன விலைய மாத்த உங்களுக்கு யாரு அதிகாரம் கொடுத்தா? கழுவப் போனா கழுவிட்டு வாங்க லா. வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க."

அந்த வீட்டுச் சொந்தக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார், வேலையாள் கேட்டுக்கொண்டிருந்தார், எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணும் கேட்டாராம். என் வீட்டுக்காரர் பழைய விலைக்கே அந்த மதிலையும் கழுவிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எந்த வாசலிலும் அவர் விலையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நான் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டு, வேனின் பக்கவாட்டில் 'சொன்ன விலை மாறாது' என்று தமிழிலும் மலாயிலும் எழுதி வைத்தேன்.

காப்பாரில் ஒரு வீட்டின் படங்கள் வந்தபோது நான் பத்துமலையில் இருந்தேன். சொந்தத்தில் ஒரு குழந்தைக்கு மொட்டை. எல்லாரும் படியேறிப் போய்விட, முட்டிவலிக்காரி நான் கீழே வெயிலில் காத்திருந்தேன். அனுப்பியவர் தனியாக இருக்கும் ஓர் ஆன்டி. பழைய காலத்து ஒற்றை மாடி வீடு. கூரையின் படத்தைப் பக்கத்து வீட்டு மாடி ஜன்னலில் இருந்து யாரையோ எடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். செங்காவி நிறத்தில் பெயிண்ட் அடித்த, அலை அலையான கூரை. நான் ஜிங்க் தகடு என்று நினைத்தேன். ஜிங்க் என்றால் எங்களுக்குச் சுலபம், ஓடு உடையும் என்ற பயமில்லை. திரையில் வெயில் அடித்தது, ஒரு கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். கூரையைப் பார்த்தது நாலு விநாடி இருக்கும். கூரையும் சுவரும் சேர்த்து அறுநூற்று எண்பது வெள்ளி என்று அனுப்பினேன். பதினோரு நிமிடம். நானே நேரத்தைப் பார்த்து மெச்சிக்கொண்டேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அந்த வேலை. எங்கள் வேலையாள் தன் மகளின் பள்ளிக்கூட விஷயமாக ஒரு நாள் லீவு கேட்டிருந்தார். "நான் ஒத்தையாவே பாத்துக்குவேன்" என்று என் வீட்டுக்காரர் காலை எட்டு மணிக்கே வேனை எடுத்துக்கொண்டு காப்பாருக்குப் போய்விட்டார். நான் என் சின்ன காடியில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். அங்கே ஓர் அடுக்குமாடியின் வெளிச்சுவர் முழுக்கக் கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் சின்ன கம்பெனிக்கு அது யானை. அதற்கு மட்டும் நேரில் போய் விலை கொடுக்கலாம் என்று நல்ல புடவையாகக் கட்டியிருந்தேன்.

காலை ஒன்பது மணி தாண்டி, நான் நிர்வாக அலுவலகத்தின் கதவைத் தள்ளப் போகும்போது அவர் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்தக் கூரை இருக்கே..."

"மறுபடியுமா? ஏங்க, நான் மீட்டிங்குக்கு உள்ள போறேன். விலையெல்லாம் பேசி முடிச்சாச்சு."

"விலை இல்லம்மா, ஏறுறதுக்கு..."

"ஏறுறதுக்கு உங்களுக்கு வெத்தல பாக்கு வைக்கணுமா? ஏறி வேலையப் பாருங்க. அப்புறம் பேசுறேன்."

வைத்துவிட்டேன். அவர் எப்போதும் கடைசியில் சொல்கிற "சரிம்மா"வைக்கூட முழுதாகக் கேட்கவில்லை.

உள்ளே மேலாளர் வரவில்லை, அரை மணி நேரம் உட்காருங்கள் என்றார்கள். குளிர்சாதனத்துக்கு நேர் கீழே ஒரு நாற்காலி. சும்மா இருக்க எனக்கு வராது. வந்ததும் காட்டலாம் என்று, நாங்கள் செய்த வேலைகளின் படங்களைக் கைப்பேசியில் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது காப்பார் கூரை வந்தது. வெயில் இல்லாத இடத்தில் அதை முதல் தடவையாகப் பார்க்கிறேன். என்னவோ இடித்தது. விரலால் விரித்துப் பெரிதாக்கினேன்.

கூரையின் ஓரத்தில் ஓர் இடத்தில் செங்காவிப் பெயிண்ட் உரிந்திருந்தது. அடியில் சாம்பல் நிறம். ஜிங்க் தகட்டின் விளிம்பு காகிதம் மாதிரி மெல்லிசாக இருக்கும். இந்த விளிம்பு என் சுண்டுவிரல் தடிப்பு இருந்தது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். பாசி மேலே படியாமல் உள்ளே ஊறிப்போய்க் கிடந்தது. தகட்டில் பாசி அப்படி ஊறாது.

அஸ்பெஸ்டாஸ். பழைய வீடுகளில் போட்ட ஷீட். இத்தனை வருஷம் வெயிலில் கிடந்திருந்தால் அது கூரை இல்லை, அப்பளம். ஆணி அடித்த வரிசையில் மட்டும்தான் அடியில் மரச்சட்டம் இருக்கும். அதை விட்டு ஒரு சாண் தள்ளிக் கால் வைத்தால் ஆள் நேராகச் சிமெண்டுத் தரைக்குப் போய்விடுவான். ஜெட் அடித்தால் அதன் தூள் நெஞ்சுக்குள் போகும். அஸ்பெஸ்டாஸில் கை வைப்பதில்லை என்பது எங்கள் தொழிலின் முதல் நாளிலிருந்து இருக்கிற சட்டம். அதற்குத்தான் நான் பத்துமலையில் நின்றுகொண்டு விலை போட்டிருக்கிறேன்.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அவருக்குத் தெரியாத கூரையா? பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்திருப்பார், ஏறியிருக்க மாட்டார். அந்த நிம்மதி எழுந்து நிற்கிற நேரம்கூட நிலைக்கவில்லை. ஒன்பது மணிக்கு அவர் எதற்குக் கூப்பிட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் என்ன பதில் சொன்னேன் என்பதும்.

கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே போனது. மறுபடியும் கூப்பிட்டேன். ஜெட் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது, போனை எப்போதும் வேனின் டேஷ்போர்டில்தான் வைப்பார். எந்த வீட்டுக்குப் போனாலும் கூரையில்தான் ஆரம்பிப்பார், அழுக்கு மேலிருந்து கீழே வரும் என்பதற்காக. அப்படியானால் இந்நேரம் மேலேதான் இருப்பார். வரவேற்பில் இருந்த பெண் மேலாளர் வந்துவிட்டார் என்று சொன்னது காதில் விழுந்தது. நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

காடியைக் கிளப்பியதும் ஆன்டியைக் கூப்பிட்டேன்.

"ஆன்டி, வீட்லதான இருக்கீங்க?"

"இல்ல லா கண்ணு, என் அக்கா வீட்டுக்கு வந்துட்டேன். கேட்ட தொறந்து வச்சுட்டு வந்தேன். ஒன் வீட்டுக்காரரு வந்துட்டாரே, தங்கமான மனுஷன்."

"ஆன்டி, அந்தக் கூர அஸ்பெஸ்டாஸா?"

"அது எங்க வீட்டுக்காரரு இருக்கும்போது போட்டது. அஞ்சு வருஷம் முன்னதான் பெயிண்ட் அடிச்சேன், நல்லாதான இருக்கு? ஒன் வீட்டுக்காரரும் இதத்தான் போன்ல கேட்டாரு காலைல. ஆமாப்பான்னு சொன்னேன். ஏன் கண்ணு, வெல மாறுமா?"

"வெலயப் பத்தி இப்ப பேச வேணாம் ஆன்டி! பக்கத்து வீட்ல யாரையாவது கூப்பிட்டு அவர எறங்கச் சொல்லுங்க. கூர ஒடஞ்சுரும். ஒடனே!"

ஆன்டி பயந்துபோய் "ஐயோ முருகா" என்று வைத்துவிட்டார். அவர் யாரைக் கூப்பிட்டார், கூப்பிட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மறுபடி அடித்தால் அவர் போன் வேறு யாரோடோ பேசிக்கொண்டே இருந்தது.

பெடரல் ஹைவேயில் அன்றைக்கு என்னவோ ஊர்வலம் மாதிரி காடிகள். சுபாங் தாண்டுவதற்குள் பதினேழு தடவை அவரைக் கூப்பிட்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அதே மணி. எடுத்தால் திட்டுவதா அழுவதா என்று தெரியாமல் இரண்டுக்கும் தயாராக இருந்தேன். ஷா ஆலம் பக்கம் ஒரு லோரிக்காரன் வழிவிடாமல் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தான். ஹார்னில் கையை வைத்து எடுக்கவே இல்லை. அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து ஏதோ சைகை காட்டினான். நானும் ஏதோ சொன்னேன், எழுதுகிற மாதிரி இல்லை. கிள்ளானைக் கடந்து காப்பார் ரோட்டில் திரும்பினேன். ஒவ்வொரு தெருமுனையிலும் கூட்டம் கூடியிருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

வீட்டு முன்னால் எங்கள் வேன் நின்றது. கூட்டம் இல்லை. ஜெட் இரைந்துகொண்டிருந்தது. காடியைக் குறுக்கே விட்டுவிட்டு ஓடினேன்.

மேலே இருந்தார். கூரையின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மூக்கையும் வாயையும் ஈரத்துண்டால் கட்டியிருந்தார். காலுக்கடியில் ஒரு பலகை. அது எங்கள் வேனில் இயந்திரத்தை ஏற்றி இறக்க வைத்திருக்கிற பலகை. அதை ஆணி வரிசைக்குக் குறுக்கே போட்டு, இரண்டு சட்டமும் தாங்குகிற மாதிரி வைத்து, அதன் மேல் நின்றுதான் அடித்துக்கொண்டிருந்தார். அடித்தார் என்பதுகூடத் தப்பு. வேகத்தைக் குறைத்து, தண்ணீரை அகலமாக விட்டு, குழந்தைக்குத் தலைக்குத் தண்ணி ஊற்றுகிற மாதிரி அலசிக்கொண்டிருந்தார். ஆக, எல்லாம் தெரிந்தேதான் ஏறியிருக்கிறார்.

கத்த வாயைத் திறந்தேன். கேட்காது. கேட்டாலும் திடுக்கிட்டுத் திரும்புவார். வேனுக்கு ஓடி இயந்திரத்தின் சுவிட்சில் கையை வைத்தேன். வைத்த கையைச் சூடு பட்டது போல எடுத்தேன். ஆள் மேலே இருக்கும்போது ஜெட்டை நிறுத்தக் கூடாது. தண்ணீர் முன்னால் பாய்கிற வேகம் ஆளைப் பின்னால் தள்ளும். அதைத் தாங்குவதற்கு அவர் உடம்பை முன்னால் சாய்த்திருப்பார். திடீரென்று தண்ணீர் நின்றால் அந்தச் சாய்மானத்தோடு முன்னால் போய்விடுவார். எந்தப் பக்கம் போனாலும் பலகைக்கு வெளியே அப்பளம்தான்.

அவராகக் கையிலிருக்கிற ஜெட் குழலின் விசையை விடுகிற வரைக்கும் நான் காத்திருக்க வேண்டும். வேறு வழியே இல்லை. பஸ்ஸுக்குக்கூட ஐந்து நிமிடம் நிற்கத் தெரியாதவள், கடைக்காரன் மீதிச் சில்லறை எண்ணுவதற்குள் கையை நீட்டிக்கொண்டு அவசரப்படுத்துகிறவள், அங்கே புடவை முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஓர் அலையை அலசி முடித்து அடுத்த அலைக்குப் போனார். அதை முடித்து அடுத்தது. ஒரு அவசரமும் இல்லை அவருக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மெதுவாக வேலை செய்வதற்குக் கடவுளிடம் நன்றி சொன்னேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வேலிப்பக்கம் வந்து நின்றார். ஆன்டி அவரைத்தான் பிடித்திருக்கிறார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவரும் புரிந்துகொண்டு அசையாமல் நின்றார்.

கடைசியில் என் வீட்டுக்காரர் விசையை விட்டார். தண்ணீர் நின்றது. துண்டைத் தாடைக்கு இறக்கிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு மெல்லத் திரும்பினார். என்னைப் பார்த்தார்.

பிரிக்பீல்ட்ஸில் இருக்க வேண்டியவள், நல்ல புடவையில், வேன் பக்கத்தில் நிற்கிறேன். வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டாராம். "என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டே என்னை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். பலகை அங்கே முடிந்திருந்தது.

சத்தம் பெரிதாகக்கூட இல்லை. வலது கால் தொடை வரைக்கும் உள்ளே போனது. அவர் விழுந்த வேகத்தில் பின்னால் சாய்ந்து இரண்டு கையாலும் பலகையைக் கட்டிக்கொண்டார். இடது கால் ஷீட்டின் மேலே மடங்கிக் கிடந்தது, அதன் அடியிலும் விரிசல் ஓடியது. நான் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்தது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகமில்லை. பெரியவர் மலாயில் அசையாதே, அசையாதே என்று கூவிக்கொண்டே ஏணியை அவர் இருந்த பக்கம் கூரை ஓரத்தில் சாத்தினார். பெரியவருக்கு எழுபது வயது இருக்கும், அவரை ஏற விட முடியாது. இந்தத் தொழிலில் இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட ஏணியில் கால் வைத்ததில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். பெரியவர் வீட்டிலிருந்து யாரோ ஒரு பலகையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள்.

"அவசரப்படாதம்மா," என்றார் அவர். குரல் சாதாரணமாக இருந்தது, முகம்தான் வெளுத்திருந்தது. "ஆணி வரிசை தெரியுதா? அதுக்கு மேல வச்சுத் தள்ளு. தூக்காத, தள்ளு. மெதுவா."

"ரத்தம் வருதுங்க."

"வரட்டும். நீ ஆணியப் பாரு."

ஆணி ஆணியாகப் பார்த்துக்கொண்டு பலகையைத் தள்ளினேன். என் கை அவ்வளவு மெதுவாக எதையும் செய்ததில்லை. அது அவர் பலகையோடு போய்ச் சேர்ந்ததும், கையை ஊன்றிக் காலை உருவினார். உடைந்த ஷீட்டின் விளிம்பு கிழித்துக்கொண்டே வந்தது. பிறகு வயிற்றால் ஊர்ந்து, ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக ஏணிக்கு வந்தார். நான் முன்னால் இறங்கி வழிவிட்டேன், அவர் பாதம் ஏணியின் மேல்படியில் பட்டது. கீழே வந்ததும் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். ஆன்டியின் சமையலறை. கிரைண்டரின் கல் அந்த ஓட்டைக்கு நேர் கீழே இருந்தது.

காப்பார் கிளினிக்கில் பதினான்கு தையல். எலும்புக்கு ஒன்றுமில்லை. போட்டிருந்த துணியைத் துவைக்காதீர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டித் தூர எறியுங்கள், அந்தத் தூள் கெட்டது என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார். விலை போட்டவள் நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்த மாதிரி எனக்கு இருந்தது.

மருந்து கொடுக்கக் கூப்பிடும் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பெரியவர் கொடுத்த சாரோங் கைலியை என் வீட்டுக்காரர் கட்டியிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அழும்போதும் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"தெரிஞ்சுதான ஏறுனீங்க? நான் ஒருத்தி கிறுக்கு, ஏறுன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு அறிவு எங்க போச்சு? பொருளக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான? நான் என்ன, கடிச்சா தின்னுருவேன்?"

அவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவர் முகத்தில் அது இல்லை. வீடு பார்த்துவிட்டு வந்து கணக்குச் சொல்வாரே, அந்த நிதானம்தான் இருந்தது.

"யோசிச்சேம்மா. வேன்ல உக்காந்து அரை மணி நேரம் யோசிச்சேன். நாளைக்கு நம்ம ஆளு லீவு முடிஞ்சு வந்துருவாரு. நான் முடியாதுன்னு வந்துட்டா, நீ அவர ஏத்தி விட்டுருவ. மூணு புள்ளைங்க அவருக்கு. அவருக்கு ஆணி பாத்து நடக்கத் தெரியாது."

அப்படியெல்லாம் இல்லைங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். காலையில் போனில் அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு முடியலைன்னா விடுங்க, நாளைக்கு நம்ம ஆளை அனுப்பிக்கிறேன் என்று. வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவர் எதிர்த்துப் பேசவில்லை, அதனால் நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். உள்ளிருந்து மருந்துக்காக அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டு, எழுந்துபோய் வாங்கிக்கொண்டு வந்தேன்.